மாமாவுக்கு எல்லா வழியும் தெரியும்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மலையேறக் கிளம்பியிருக்கும் என் வயதுக்காரர்களே, வணக்கம். கைக்கு ஒன்றாக இரண்டு கம்பு, முதுகுப் பையிலிருந்து வாய்வரை நீளும் தண்ணீர்க் குழாய், ‘வலப்புறம் திரும்பு’ என்று அதட்டும் கைபேசி சகிதமாக நீங்கள் அனுப்புகிற படங்களை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் தொலைபேசியில், “நீயும் வாயேன். ஆனா உனக்கு மலை பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

உண்டு. முறையாகவே பயின்றவள் நான். பனிச்சரிவில் சிக்கிக்கொண்டால் எப்படித் தப்பிப்பது என்பதைப் போடிநாயக்கனூரில், வியர்வை முதுகில் ஓடும் ஒரு மத்தியானத்தில், இலவம்பஞ்சுக் குவியலுக்குள் குதித்துக் கற்றவள். உங்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது?

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது. காலாண்டு விடுமுறைக்கு, தேவாரம் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து என்னைப் போடியில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அத்தையின் கணவர், அதாவது மாமா, ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, கனத்த பூட்சு, கழுத்தில் பித்தளை விசில். உட்கார்ந்து காப்பி குடிக்கும்போதும் யாரோ எங்கோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது போலவே இருப்பார்.

அவரிடம் அட்டை கிழிந்துபோன ஒரு புத்தகம் இருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தம் ஊர்ப் பிள்ளைகள் காட்டில் வழி தவறினால் பிழைத்துவரட்டும் என்று எழுதியது. நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். தம் புத்தகம் குரங்கணி மலையடிவாரம்வரை வந்து சேரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மாமா அதில் ஒரு வரியையும் விடாமல் எங்களுக்கு நடத்தினார். ‘எங்கள்’ என்றால் நானும் அத்தை மகனும். ஒரே வயது இருவருக்கும். எனக்குக் குரல் பெரிது என்பதால் நான் தலைவி. அவன் சரக்குப் பொறுப்பாளன். சுமக்கிறவனுக்கு மாமா கொடுத்த பட்டம் அது.

மரத்தில் பாசி படர்ந்திருக்கும் பக்கம் வடக்கு என்றது புத்தகம். எங்கள் ஏலக்காட்டில் பாசி மரத்தைச் சுற்றி வளரும், கல்லில் ஏறும், அசந்தால் மாமாவின் பூட்சிலும் ஏறும். கரடி வந்தால் செத்தவன் போலப் படுக்க வேண்டும் என்றது. அத்தை மகனுக்கு இந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டது. கடைக்குப் போகச் சொன்னால்கூட உடனே படுத்துவிடுவான். டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி இல்லாமல் மலையேறாதே என்றது. மாமா பழைய பேட்டரிகளை மொட்டைமாடியில் வற்றலோடு சேர்த்து வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்தார். ராத்திரி அதைப் போட்டால் வெளிச்சம் வரும். டார்ச்சைத் தேடிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வரும்.

பனிச்சரிவுப் பாடத்துக்குத்தான் ஊரில் வசதி இல்லாமல் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் இலவம்பஞ்சு வியாபாரி. விதை நீக்கிய பஞ்சு அவருடைய கிட்டங்கியில் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். பனியை வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத மாமா அதைச் சுட்டிக்காட்டி, “பனின்னா இதேதான். மூழ்கினா நீந்துற மாதிரி கையை வீசணும். குதி!” என்றார். குதித்தோம். கையை வீசினோம். வீச வீசப் பஞ்சு மூக்குக்குள் போனது. சத்தம் கேட்டு வந்த வியாபாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“வாத்தியாரே, பிள்ளைக பஞ்சோட பஞ்சா மெத்தைக்குள்ள போயிருச்சுகன்னா நான் எந்த ஊரு மெத்தையைப் பிரிச்சுத் தேடுறது?”

இரண்டு நாள் பஞ்சாகத் தும்மினோம். மாமாவைக் கிறுக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டியை மெழுகில் தோய்த்து எடுக்கச் சொன்னார். இன்றும் அதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. இழுத்தால் இறுகாத முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை விடவில்லை. வழி தவறினால் அலையாதே, ஒரே இடத்தில் நில் என்று தினமும் சொல்லவைத்தார். அந்த ஒன்றோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. அடுத்த பக்கத்தில் புத்தகம் இன்னொன்றும் சொன்னது: ‘நின்றும் யாரும் வராவிட்டால், ஓடையைக் கண்டுபிடித்து நீரோடு இறங்கு. நீர் உன்னை மனிதர்களிடம் கொண்டு சேர்க்கும்.’

வெள்ளைக்காரர் ஊரில் சேர்க்கும் போலிருக்கிறது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை வாயாடி. வரப்பில் நின்று குரல் கொடுத்தால் கண்மாயின் எதிர்க்கரையில் மேயும் எருமை தலையைத் தூக்கும். அப்படிப்பட்ட வாயில் நுழையாத சொல் ஒன்றே ஒன்று, மாமாவின் பெயர். இது அவளுடைய தனிச் சொத்தல்ல. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருசன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று கணக்கு. வீட்டில் ‘ஏங்க’. வெளியே ‘வாத்தியார்’. எங்களிடம் ‘உங்க மாமா’, ‘உங்கப்பா’.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிறவர், “வீட்டுக்காரர் பேரு?” என்றார்.

“பழனியில இருக்காரே, அவரு பேரு.”

எழுதுகிறவர் பழக்கப்பட்டவர்தான். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி சரியாகச் சொன்னாள். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தாள்; வரிசையே ஏதோ பரிசு விழுந்தது போலச் சந்தோஷப்பட்டது. எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டே இருந்தது.

அத்தைக்குச் சீதனமாக வந்த சின்ன ஏலத்தோட்டம் ஒன்று குரங்கணிக்கு மேலே, பெரிய எஸ்டேட் ஒன்றை ஒட்டி இருந்தது. காய் எடுப்பு நேரத்தில் போய்ப் பார்த்துவருவது வழக்கம். போடியிலிருந்து ஜீப்பில் குரங்கணி; அங்கிருந்து நடை. நீங்கள் இன்று சாகசம் என்று சொல்வதை அன்று அத்தை ‘சோலி’ என்றாள். புறப்படும் முன் எங்கள் கால்களில் துணி சோப்பைக் குழைத்துப் பூசினாள், அட்டை ஏறாமல் இருக்க. கம்பு நுனியில் உப்பை ஒரு துணியில் முடிந்து கட்டினாள், ஏறிய அட்டையை விழவைக்க. மாமா மட்டும் தன் காலில் பூசவிடவில்லை.

“பூட்சுக்குள்ள எப்படிடீ அட்டை வரும்?”

“நடந்துதான் வரும். அதுக்கு பஸ்சா விட்ருக்காக?”

வந்தது. காலுறைக்குள் உட்கார்ந்து சாவகாசமாகக் குடித்துவிட்டுப் போனது.

அந்த நடையின் வாசனை இன்னும் எனக்குள் இருக்கிறது. கீழே காய்ந்த புல்லும் மாட்டுச் சாணமும். ஏற ஏறக் காப்பிச் செடி, ஈர மண். அதற்கும் மேலே பச்சை ஏலக்காயின் காட்டமான மணம். நாம் பாயசத்தில் போடுகிற காய் வேறு, அது அடங்கிப்போனது. செடியின் அடித்தூரில், தரையோடு தரையாகக் காய் பிடித்திருக்கும். பெண்கள் குந்தி உட்கார்ந்து எடுப்பார்கள். ஆண்கள் களை வெட்டுவார்கள், மரத்தில் ஏறி நிழல் கூடிய கிளைகளைக் கழிப்பார்கள். பெரும்பாலும் புருசனும் பெண்டாட்டியுமாக வந்து வேலை செய்கிறவர்கள்.

மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்துதான் கட்டுச்சோறு சாப்பிட்டோம். யானையைப் பெயர் சொல்லாமல் ‘பெரியவரு’ என்றார்கள், மூடுபனியை ‘மஞ்சு’ என்றார்கள். காட்டுமாடு நின்று முறைத்தால் நாமும் நின்றுவிட்டு, பக்கவாட்டில் மெல்ல விலக வேண்டும் என்றார்கள். காய் எடுக்கும் அக்கா ஒருத்தி எனக்கு ஊறுகாய் வைத்துக்கொண்டே சொன்னாள்:

“அப்புறம் பாப்பா, மஞ்சு எறங்குன நேரத்துல பொம்பளைக் குரல்ல யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா மறுகுரல் குடுத்துராத. அது மனுசி இல்ல.”

மாமா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. “எந்தக் காலத்துல இருக்கீக? பேயாவது, மோகினியாவது. பயம்தாம்மா பேய். தலைவி, எழுதிக்க!”

எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மனதில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. கடைசி ஜீப்பைப் பிடிக்க வெரசா இறங்கிக்கொண்டிருந்தோம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய பலாமரம். மாமா நின்றார்.

“இந்தப் பக்கம் ஒரு குறுக்குப் பாதை இருக்கணும். நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்.”

“வந்த பாதையே இருக்குல்ல?” என்றாள் அத்தை.

“எனக்கு எல்லா வழியும் தெரியும். அஞ்சே நிமிசம்.” கழுத்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். “மூணு தடவை ஊதினா ஆபத்துன்னு அர்த்தம். எங்க இருந்தாலும் வந்துருவேன். யாரும் அசையக் கூடாது.”

கம்பை வீசிக்கொண்டு போனார். தளபதி என்பதால் கையில் வேறு எதுவும் இல்லை. கயிறு, மெழுகு தீப்பெட்டி, டார்ச், துண்டு, தண்ணீர், மிச்ச முறுக்கு எல்லாம் சரக்குப் பொறுப்பாளனின் முதுகில். விசில் என் கழுத்தில். ஆபத்துக்கு வேண்டிய அத்தனையும் பத்திரமாக எங்களிடம் இருந்தது. ஆபத்து மட்டும் அவரோடு போனது.

அவர் போன சற்று நேரத்தில் மஞ்சு இறங்கியது. எங்கள் மலையில் அது வருவதைப் பார்க்க முடியாது. எதிர் மேடு இருக்கும். அடுத்து நிமிர்ந்தால் இருக்காது. பலாமரத்தின் அடி தெரிந்தது, கிளை தெரியவில்லை. முடியெல்லாம் ஈரம். எங்கோ ஒரு குரங்கு இருமியது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அதுபோலப் பல ஐந்து நிமிடங்கள் ஆயின. அத்தை பேசுவதை நிறுத்தினாள். எனக்கு முதலில் பயம் வந்தது அப்போதுதான்.

“ஊது தாயி” என்றாள்.

மூன்று தடவை ஊதினேன். என் பயிற்சியின் உச்சம் அது. மலை அதிர்ந்தது.

எஸ்டேட்டில் வேலை முடிந்ததற்கும் விசில்தான் ஊதுவார்கள் என்பதை வெள்ளைக்காரர் புத்தகத்தில் எழுதவில்லை. எனக்குக் கிடைத்த பதில், மலைச்சரிவு முழுக்க எழுந்த ஒரு மகிழ்ச்சியான இரைச்சல். கத்திகளைக் கூடையில் போடும் சத்தம். பாட்டு. கங்காணி மஞ்சுக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

“எவன்டா விசில் அடிச்சது? இன்னும் நேரம் இருக்குல்லடா!”

என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். அத்தை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “எந்தப் பக்கம் போனாரு சாரு?” அத்தை காட்டினாள். “அது மேலே வளைஞ்சு காப்பிக் காட்டுக்குப் போற தடம். நான் ஆளுகளோட போய்ப் பாக்குறேன். இருட்டுறதுக்குள்ள பாத்துரணும். நேத்து அந்தப் பக்கம் காட்டுமாடு நின்னுச்சு. நீங்க இங்கனயே இருங்க தாயி.”

போய்விட்டார். அத்தை மகன் என்னைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நினைப்பு. மாமா தடத்தில் இருக்க மாட்டார். மஞ்சு இறங்கியதும் கொஞ்சம் நின்றிருப்பார். யாரும் வரவில்லை என்றதும் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

“ம்மா, அப்பா ஓடையில எறங்கியிருப்பாரு” என்றான்.

“ஓடையிலயா? அது போயி பாறையில விழுகுற ஓடை அப்பு!”

அதுதான் விஷயம். எங்கள் மலையில் ஓடை மனிதர்களிடம் போவதில்லை. அது கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாக நடந்துவிட்டு, பாறை விளிம்பு வந்ததும் குதித்துவிடும். நீரோடு போகிறவரும் குதிக்க வேண்டியதுதான்.

அத்தை யோசிக்கவே இல்லை, எங்களோடு ஓடைப் பக்கம் கிளம்பிவிட்டாள். ஓடையை ஒட்டி மேட்டின் மேலாகவே ஒரு காலடித் தடம் இருந்தது. மாமாவின் துண்டை அத்தை மகன் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, சில அடிக்கு ஒன்றாகப் புதரில் கட்டிக்கொண்டே வந்தான், திரும்பி வர வழி வேண்டுமே. கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறு முனையை அவன் பிடித்துக்கொண்டான். நாங்கள் அன்று செய்ததில் தவறு சொல்ல இன்றுவரை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பதினொரு வயதில் நான் இருந்த அளவுக்குத் தெளிவாகப் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

தண்ணீர் விழும் இரைச்சல் பலமாகக் கேட்ட இடத்தில் நின்றோம். கீழே வெறும் வெள்ளை. நான் “மாமா!” என்றேன். அவன் “அப்பா!” என்றான். அத்தை தன் எருமை விரட்டும் குரலில் “ஏங்க!” என்றாள்.

பதில் வந்தது. ஒன்றல்ல. சரிவின் நாலா பக்கத்திலிருந்தும் ஆண் குரல்கள், “என்ன புள்ள?” “இந்தா வர்றேன்!” “எங்கிட்டு நிக்கிற?” என்று கேட்டன. கூடவே பெண் குரல்கள் “ஏங்க, வாங்க வெரசா!” என்றன. குழந்தைகள் “அப்பா!” என்றன. என் விசிலுக்கு வேலை முடித்த குடும்பமெல்லாம் மஞ்சுக்குள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. மலையில் இருந்த ஒவ்வொரு ஆணும் யாரோ ஒருத்திக்கு ‘ஏங்க’. அத்தை மறுபடி கூப்பிட்டாள். மறுபடி எல்லோரும் பதில் சொன்னார்கள். ஒரு கிழவர் கோபமாக, “அதான் வர்றேன்னு சொல்றேன்ல?” என்றார்.

வெள்ளை நிறம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. பொழுது போகிறது.

“அத்தே, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சிரிப்பு அந்த முகத்தில் இல்லை. நாங்கள் கூப்பிட்டிருக்கலாம்தான், ஆனால் எங்கள் குரல் நீர் இரைச்சலைத் தாண்டவில்லை. அவள் குரல் ஒன்றுதான் தாண்டும். அதில் போட்டு அனுப்பத் தகுந்த சொல்லும் ஒன்றுதான் இருந்தது.

வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். தாலியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கூப்பிட்டாள்.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எனக்கும் அவர் மாமாதான். ஆனால் அது வந்த விதத்தைச் சொல்லிவிடலாம். அத்தனை பெரிய குரல் அந்த ஒரு பெயரை எடுத்தபோது நடுங்கியது. முதல் எழுத்தில் தயங்கி, நடுவில் நீண்டு, கடைசியில் ஏதோ பாட்டு போல ஆகிவிட்டது. அத்தையா இது என்று நானே அண்ணாந்து பார்த்தேன்.

பதில் இல்லை.

இன்னொரு தடவை. இன்னும் மெதுவாக, இன்னும் இனிமையாக. மூன்றாம் தடவையும். சரிவெல்லாம் அடங்கிவிட்டது, மற்ற குடும்பங்கள் சேர்ந்து போய்விட்டன. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அத்தை அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். ஆயுள் குறையும் என்று இத்தனை காலம் வாயில் பூட்டிவைத்த பெயர். அதைச் சொல்லியும் பதில் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்களுக்கும் புரிந்தது. அத்தை மகன் கரடிப் பாடத்தில் படுப்பவன். அன்று நின்றுகொண்டே அழுதான். நான் கயிற்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஒன்றுதான் இறுகாமல், நழுவாமல் இருந்தது.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அத்தை எழுந்தாள்.

“யோவ்!” என்றாள்.

அது பழைய குரல்.

“சொன்னாக் கேக்குற ஆளாய்யா நீ? வந்த வழியே போவோம்னேன், கேட்டியா? ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாதை காட்டுறவருக்கு வீட்டுக்கு வரத் தெரியல! அந்தப் பூட்சுக்குப் பதிலா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியிருந்தா, அது இந்நேரம் தானா வந்து தொழுவத்துல நின்னுருக்கும்! காஞ்ச பேட்டரியும் கிழிஞ்ச பொஸ்தகமும் வச்சுக்கிட்டு, பெரிய இவரு! காலைல ரெண்டு தடவை சொன்னேன், காலுக்குச் சோப்பு போடுங்கன்னு. கெவுரவமாம் கெவுரவம்! எங்கப்பன் கிணத்தைப் பாத்து குடுத்திருந்தாக்கூட…”

“ஏய்! பிள்ளைகளை வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுற?”

கீழேயிருந்து, கொஞ்சம் இடது பக்கமாக, மாமா.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். கீழிருந்து மறுபடி குரல் வந்தது. “நிறுத்திட்டியா? பேசு, பேசு. எந்தப் பக்கம் நிக்கிறேன்னு தெரியணும்ல.”

விளிம்புக்கு மேலே ஒரு பாறைத் திட்டில், கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தார். அடுத்த எட்டில் ஓடை குதித்துக்கொண்டிருந்தது. அத்தை மெல்லத் திட்டிக்கொண்டே இருந்தாள்; அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கங்காணியும் ஆட்களும் மேலேயிருந்து வந்து சேர்ந்தார்கள். “இந்தப் பக்கம் ஒரு குடும்பம் ஒண்ணு சேந்துருச்சுன்னு தெரிஞ்சுது தாயி” என்றார் கங்காணி.

கயிற்றில் முடிச்சுப் போட்டவள் நான். மாமா கீழேயிருந்து, “முனையை வளையத்துக்குள்ள விட்டு, அடிக்கயித்தைச் சுத்தி…” என்று பாடம் நடத்தத் தொடங்கினார். “நீங்க சும்மா இருங்க” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். முடிச்சு நின்றது. மாமா மேலே வந்தார். ஆட்கள் அவரை உட்காரவைத்து, இரண்டு மூங்கிலும் சாக்கும் கொண்டு தொட்டில் கட்டத் தொடங்கினார்கள். அத்தை மகன் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அத்தை பூட்சைக் கழற்றி, கணுக்காலைப் பார்த்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

“விசில் கேக்கலையா மாமா?” என்றேன்.

“கேட்டுச்சே. எஸ்டேட்டுல வேலை முடிஞ்சிருச்சுன்னு கடிகாரத்தைத் திருத்தி வச்சேன்.”

“அம்மா கூப்பிட்டது?” என்றான் அவன்.

மாமா அத்தையைப் பார்க்காமல், கங்காணியைப் பார்க்காமல், தன் காலைப் பார்த்தார். “ஏங்க, ஏங்கன்னு கேட்டுச்சு. மலையே கத்திக்கிட்டிருந்துச்சு, எவ எவனைக் கூப்பிடுறான்னு யாரு கண்டா?”

“அது சரி. அதுக்கு அப்புறம் கூப்பிட்டேனே?” என்றாள் அத்தை. “மூணு தடவை. வாயில வராததை வரவழைச்சுக் கூப்பிட்டேன். கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுமா வாயைத் தொறக்கல?”

“மஞ்சுக்குள்ள, பொம்பளைக் குரலு, அம்புட்டு அழகா பேரைச் சொல்லிக் கூப்பிடுது. நீயின்னு எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான நாள்ல இருந்து ஒரு தடவையாச்சும் கூப்பிட்டிருக்கியா? நான் மூச்சைக்கூட விடாம உக்காந்திருந்தேன்.”

முதலில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முதுகு குலுங்கத் தொடங்கியது. கங்காணி மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். பயம்தாம்மா பேய் என்று மத்தியானம் பாடம் நடத்திய மாமா, காதுவரை சிவந்துபோய் விசிலைத் திருப்பித் தரும்படி என்னிடம் கையை நீட்டினார். நான் தரவில்லை.

எனவே என் வயதுக்காரர்களே, உங்கள் குழுவோடு நான் வரத் தயார். வழி தவறினால் நான் நிற்பேன், ஓடையோடு இறங்க மாட்டேன், விசிலை யோசித்து ஊதுவேன். உங்களை வீட்டில் எப்படித் திட்டுவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அன்று துண்டுக் கீற்றுகளைப் பிடித்துக்கொண்டே பலாமரத்துக்கு வந்து, பழைய பாதையில் இறங்கினோம். தொட்டிலில் மாமா, பக்கத்திலேயே அத்தை. மஞ்சு விலகி, கீழே குரங்கணியில் விளக்குகள் தெரியத் தொடங்கின. ஜீப்பை நிறுத்திவைக்கச் சொல்லி ஓர் ஆள் முன்னால் ஓடியிருந்தான். நான் தொட்டிலின் பின்னால் நடந்தேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

“ஏ புள்ள” என்றார் மாமா, மிகவும் தணிந்த குரலில். “அதை இன்னொரு தடவை சொல்லேன்.”

“எதை?”

“அதான். கூப்பிட்டியே.”

அத்தை கிழிந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இன்னொரு தடவை தொலைஞ்சு போங்க, பாக்கலாம்.”